எம்டன் குண்டும் பித்தளைக் கூடும்

"அவன் சரியான எம்டன்யா!"

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. பயங்கரமான ஆள், கில்லாடி, யாருக்கும் அடங்காதவன் என்று பல அர்த்தங்கள். 2006ல் "எம்டன் மகன்" என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்து, பிறகு தமிழ்ப் பெயராக இருக்கவேண்டும் என்பதால் "எம் மகன்" என்று மாற்றினார்கள். ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் தமிழ் அகராதிக்குள் நுழைந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கப்பல் சுட்ட ஒவ்வொரு குண்டுக்குப் பின்னாலும் இருந்த ஒரு சாதாரணப் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் பித்தளைக் கூடு.

1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான எம்டன் கப்பல், விளக்குகள் எரிந்துகொண்டிருந்த சென்னைத் துறைமுகத்துக்கு சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுடத் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடி வாங்கியது. சிலர் உயிரிழந்தார்கள். பிறகு கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம்.

எம்டனில் இருந்தவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள், மொத்தம் பத்து. ஒவ்வொரு குண்டும் சுமார் 17 கிலோ. அந்தக் குண்டின் பின்னால் மருந்தை நிரப்பிய நீண்ட பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். குண்டு சென்னைக்கு வந்தது. பித்தளைக் கூடு கப்பலிலேயே தங்கிவிட்டது. 130 குண்டு என்றால் கப்பல் தளத்தில் 130 காலிக் கூடுகள். போர்க்காலத்தில் அது குப்பை அல்ல. சொக்கத் தங்கம் என்றே சொல்லலாம்!

ஏன்? ஒரு கூட்டை ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியதில்லை. மறுபடி மருந்து நிரப்பலாம். மறுபடி சுடலாம். ஆனால் எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் அந்தப் பித்தளைக்குள் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் இந்தியாவுக்கு, அதுவும் இந்தியாவின் குதிரை லாயங்களுக்கு, ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. அதன் கடைசி அத்தியாயம் எண்ணூரிலும் காசிமேட்டிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

திருவொற்றியூரில் "என்ஃபீல்டு" என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. புல்லட் வண்டி பிறந்த ஊர் இங்கிலாந்து, வளர்ந்த ஊர் வடசென்னை. அந்தக் கம்பெனிக்கு "துப்பாக்கியைப் போலச் செய்தது" என்பது பழைய விளம்பர வாசகம். காரணம் இருக்கிறது. 1890களில் இந்தக் கம்பெனியின் முன்னோர்கள், லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தார்கள். அந்தப் பெருமையில்தான் பெயரையே என்ஃபீல்டு என்று வைத்துக்கொண்டார்கள்.

அதே என்ஃபீல்டு ஊரின் துப்பாக்கிதான் 1857ல் இந்தியாவையே புரட்டிப் போட்டது. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கவேண்டும் என்ற விவகாரம் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தத் தோட்டா காகிதத்தால் ஆனது. உள்ளே மருந்தும் குண்டும் இருக்கும். கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டை உள்ளே திணித்து, பிறகு சுட வேண்டும். காகிதம் மழையில் நனையும், கிழியும். கொழுப்பு தடவாவிட்டால் குழலில் இறங்காது. தடவினால் கலகம்!

பின்பக்கமாகத் தோட்டாவைப் போடும் துப்பாக்கிகள் வந்தபோது புதிய பிரச்சினை ஒன்று முளைத்தது. மருந்து எரியும்போது உண்டாகும் வாயு குண்டை முன்னே தள்ளும். அதே வேகத்தில் பின்பக்க மூடியின் இடுக்கு வழியாகச் சுடுபவனின் முகத்துக்கும் வரும். அந்த இடுக்கை எப்படி அடைப்பது? விடையாக வந்ததுதான் உலோகக் கூடு. வெடித்த கணத்தில் அது ஊதி, குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் லேசாகச் சுருங்கிக் கையோடு வெளியே வந்துவிட வேண்டும்.

ஊதவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். ஒரு உலோகத்திடம் இந்த இரண்டையும் கேட்பது பேராசைதான். அதற்கு ஒத்துக்கொண்ட உலோகம் பித்தளை.

1860களில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்டு பாக்ஸர் செய்த கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு வைத்தது. ஸ்னைடர் துப்பாக்கிக்கும், 1871ல் வந்த மார்ட்டினி ஹென்றிக்கும் இதுவே தோட்டா. செலவு குறைவு. ஆனால் தொடர்ந்து சுட்டுத் துப்பாக்கி சூடாகிவிட்டால், சுருட்டிய தகடு உள்ளே ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி இரும்பு வட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மீதிக் கூடு உள்ளேயே இருக்கும். எதிரி எதிரே நிற்கும்போது துப்பாக்கி வெறும் தடியாகிவிடும்!

1885 ஜனவரியில் சூடான் நாட்டில் அபு க்ளீ என்ற இடத்தில் நடந்த போரில் இப்படிப் பல துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. லண்டனில் பெரிய கூச்சல் எழுந்தது. அதன்பிறகுதான் தகட்டைச் சுருட்டும் முறை போய், ஒரே பித்தளைக் கட்டியிலிருந்து இழுத்து எடுக்கும் கூடு வந்தது. 1889ல் வந்த .303 தோட்டா அந்த வகைதான். இந்தியாவில் டம்டம், கிர்க்கி ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகள் தோட்டா செய்தன. தோட்டாவுக்குள் போகும் கார்டைட் மருந்துக்காக நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை 1904ல் எழுந்தது. இன்றும் அந்த ஆலை இருக்கிறது.

எழுபதும் முப்பதும்

கூடு செய்யும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதற்கே "தோட்டாப் பித்தளை" என்று உலகம் முழுக்கப் பெயர். இந்த விகிதத்தில்தான் பித்தளை மிக அதிகமாக நீளவும் குழியவும் இடம் கொடுக்கிறது.

செய்முறை சுவாரசியமானது. முதலில் தகட்டிலிருந்து வட்டமான வில்லை. அதைக் குத்திக் குழித்து ஒரு கிண்ணம். கிண்ணத்தை அச்சில் வைத்து இழுத்தால் கொஞ்சம் நீளமான குவளை. மறுபடி இழுத்தால் குழாய். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே உலையில் வைத்துக் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் கிழிந்துவிடும்.

ஊரில் குடம் தட்டும் கன்னாரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் சுத்தியல் எகிறும், ஓசை மாறும். அப்போது நெருப்பில் காட்டி ஆறவிட்டு மறுபடி தட்டுவார். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் விறைத்து, கடைசியில் ஒடிந்து போவதும் இதே கதைதான்.

காரணம் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. பித்தளை என்பது கோடிக்கணக்கான சிறு மணிகள் ஒட்டிய கூட்டம். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அடிக்கும்போது இந்த வரிசைகள் வழுக்கி நகரும். நகர நகர ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், திருவிழாக் கூட்டத்தில் நெரிசல் ஏற்படுவது போல. சிக்கல் கூடக் கூட உலோகம் கடினமாகும். இனி நகர வழியே இல்லை என்ற நிலை வந்தால் விரிசல் விடும். சூடு காட்டினால் அணுக்களுக்கு அசையச் சக்தி கிடைத்துப் புதிய மணிகள் உருவாகும். உலோகம் மறுபடி இளகும்.

நல்ல கூடு ஒன்று அடியிலிருந்து நுனிவரை ஒரே கடினமாக இருக்காது. அடிப்பாகம் தடித்துக் கடினமாக இருக்கும். வாய்ப்பகுதி மெல்லியதாக, மென்மையாக இருக்கும். அடி இளகினால் அழுத்தம் தாங்காது. வாய் விறைத்தால் வெடித்துவிடும். ஒரே துண்டுப் பித்தளையில் இரண்டு குணம்!

மறுபடி மறுபடி நிரப்பினால்?

.303 போன்ற துப்பாக்கியில் சுடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம், காற்றழுத்தத்தைப்போல சுமார் மூவாயிரம் மடங்கு. அது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நீடிக்கும். அந்த நேரத்துக்குள் கூடு ஊதி, ஒட்டி, திரும்பச் சுருங்கிவிடுகிறது. ஆனால் பழைய அளவுக்கு வருவதில்லை. கொஞ்சம் பருத்தே இருக்கும். மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் அச்சில் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்க வேண்டும். அடுத்த சுடுதலில் மறுபடி ஊதும். மறுபடி நெருக்கல்.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, கழுத்து விறைப்பது. ஊதுவதும் நெருக்குவதும் கம்பியை முன்னும் பின்னும் வளைப்பது போலத்தான். சில சுற்றுக்களில் கழுத்தில் மேலிருந்து கீழாக முடி போல ஒரு விரிசல் விழும். இதற்கு மருந்து காய்ச்சுவது. கூடுகளின் கழுத்தை மட்டும் சூடாக்குவார்கள். அடிப்பாகம் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக, கூட்டைப் பாதி அளவு தண்ணீரில் நிறுத்திவைத்து மேல்பகுதியில் நெருப்புக் காட்டுவது பழைய கால வழக்கம். அடி இளகிய கூட்டைச் சுட்டால் அது சுடுபவனுக்கே ஆபத்து.

இரண்டாவது, கூடு நீள்வது. அழுத்தத்தில் பித்தளை முன்பக்கம் நோக்கி வழிகிறது. சில சுற்றுக்குப் பிறகு வாயை வெட்டிச் சமன்படுத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. முன்னே வழிந்த பித்தளை எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் பளபளப்பான ஒரு மெல்லிய வளையம் மட்டும் தெரியும். உள்ளே ஒரு பள்ளம். அனுபவசாலிகள் நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, சுவரில் உரசி இழுத்துப் பார்ப்பார்கள். கம்பி ஓரிடத்தில் தடுக்கினால் அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுடுதலில் அது இரண்டாகப் பிய்ந்துவிடும். லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் மண், சேறு புகுந்தாலும் வேலை செய்யவேண்டும் என்று அறையைத் தாராளமாகக் குடைந்திருந்தார்கள். போர்க்களத்தில் அது நல்லது. ஆனால் கூட்டுக்கு நீள்வதற்கு இடம் அதிகம். அதனால் அதில் சுட்ட கூடுகள் சில சமயம் நாலைந்து முறைக்குள்ளேயே பிய்யும் நிலைக்கு வந்துவிடும்.

நான்காவது, அடியில் பிரைமர் உட்காரும் குழி தளர்வது. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப் போன்ற ஒரு சிறு மூடிதான் பிரைமர். ஊசி தட்டினால் பொறி கிளம்பும். குழி தளர்ந்துவிட்டால் பிரைமர் நிற்காது. அதோடு அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

பிரைமரைப் பற்றி ஒரு வேடிக்கை. மேலே சொன்ன பாக்ஸர் ஒரு ஆங்கிலேயர். அவருடைய பிரைமர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. பழைய பிரைமரை ஒரு ஊசியால் குத்தித் தள்ளிவிடலாம். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் செய்த முறையில் நடுவே மேடு, பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். குத்தித் தள்ள முடியாது. ஆனால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை பிரிட்டனிலும் இந்தியாவிலும் நிலைத்தது! அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் பழக்கம் பரவியதற்கும், இங்கே பரவாததற்கும் இதுவும் ஒரு காரணம். இங்கே ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறது, தோட்டா வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பது தனிக்கதை.

என்.சி.சி.யில் .22 துப்பாக்கி சுட்ட மாணவர்களுக்குத் தெரியும். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கவேண்டும். அந்தக் கூடுகளை மறுபடி நிரப்புவதற்காக அல்ல. .22 கூட்டில் பொறிமருந்து அடி விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கிவிடும். ஆகவே அது ஒருமுறைக்கு மட்டும்தான். எண்ணுவது கணக்குக்காக. ஒரு தோட்டாகூடக் காணாமல் போகவில்லை என்பதற்கு அந்தக் காலிக் கூடுதான் சாட்சி.

பெரிய பீரங்கிக் கூடுகளின் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ராணுவத்தில் அவை தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகும். சோதித்து, அளவு சரிசெய்து, மறுபடி நிரப்புவார்கள். முன்பு சுடப்பட்ட விவரத்துக்கான குறிகளை அடிப்பாகத்திலேயே அடித்துவைப்பார்கள். ஒரு கூட்டின் ஜாதகம் அதன் அடியிலேயே எழுதியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரில் வீரர்கள் காலிக் கூடுகளில் பூ வேலை செய்து ஜாடியாக்கினார்கள். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் சட்டப்படி அது அரசாங்கச் சொத்தை எடுத்ததுதான்!

பாதரசம் செய்த வேலை

1890களில் அமெரிக்க ராணுவத்தின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலைக்கு ஒரு தலைவலி வந்தது. அதுவரை கரிமருந்துத் தோட்டாக்களைச் சுட்டு, கூடுகளைக் கழுவி, மறுபடி நிரப்பிப் பயிற்சிக்குப் பயன்படுத்தி வந்தார்கள். புகையில்லா மருந்து வந்தபிறகு அதே போல நிரப்பிய கூடுகள் உடையத் தொடங்கின. புது மருந்தின் அழுத்தம்தான் காரணம் என்று முதலில் நினைப்பது இயல்பு. உண்மையான குற்றவாளி பிரைமரில் இருந்தது.

அந்தக் காலப் பிரைமரில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. எரிந்தபிறகு பாதரசம் மிஞ்சும். பாதரசம் பித்தளையோடு கலந்தால் மணிகளுக்கு நடுவே புகுந்து அதை நொறுங்கச் செய்துவிடும். கரிமருந்து எரிந்தால் ஏராளமான அழுக்கு படியும். பாதரசம் அந்த அழுக்கோடு கலந்து போய்விடும். புகையில்லா மருந்தில் அழுக்கு குறைவு. பாதரசம் நேராகப் பித்தளையைப் பிடித்துக்கொண்டது. சுத்தமான மருந்து வந்ததால் கூடு கெட்டது! கடைசியில் பாதரசமில்லாத பிரைமருக்கு மாறினார்கள்.

லாயத்தில் வெடித்த கூடுகள்

இதுவரை பார்த்தவை எல்லாம் சுட்ட கூடுகளின் கதை. சுடாத கூடு, பெட்டிக்குள் சும்மா இருந்த கூடு, தானாக வெடிப்பு விட்டால்?

இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இதுதான் புரியாத புதிராக இருந்தது. தொழிற்சாலையிலிருந்து நல்ல நிலையில் வந்த தோட்டாக்கள். யாரும் தொடவில்லை. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால், கழுத்தில் நெடுக விரிசல். அதிலும் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த தோட்டாக்களில் இது அதிகம். ஆங்கிலத்தில் இதற்கு "பருவ வெடிப்பு" என்ற பொருளில் ஒரு பெயர் வந்தது. மழைப் பருவத்தில் வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். உலரும் மரத்தில் விழும் வெடிப்பு போல இருந்ததால் என்பார்கள் வேறு சிலர்.

பித்தளைக்குக் கெட்ட காலம், வெயில், மழை, தரமில்லாத செம்பு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை விஷயத்தைத் தெளிவாக்கியது. குற்றவாளி அம்மோனியா.

குதிரையின் சிறுநீர் சிதையும்போது அம்மோனியா கிளம்பும். லாயத்துக்குள் நுழைந்தால் மூக்கைத் துளைக்கும் அதே நெடி. மழைக்கால ஈரம் பித்தளையின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படியும். அம்மோனியா அதில் கரையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் அம்மோனியா செம்பைக் கரைக்கத் தொடங்கும். அதிலும் மணிகளுக்கு இடையிலான எல்லைகளைத் தேடிப் போய் அரிக்கும்.

ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. பித்தளைக்குள் இழுவிசை ஒன்று இருக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்? கூடு செய்யும்போது கடைசியாகக் கழுத்தை நெருக்கிச் சுருக்குகிறார்கள். அந்த நெருக்கலின் விசை முழுவதும் வெளியேறுவதில்லை. சுருட்டி வைத்த வில்லைப் போல உள்ளேயே பூட்டிக்கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அமைதி. உள்ளே ஓயாத இழுபறி. அம்மோனியா மணியெல்லையில் ஒரு சிறு கீறல் போட்டால் போதும், பூட்டிய விசை அதை இழுத்துப் பிளந்துவிடும். விசையும் வேண்டும், அம்மோனியாவும் வேண்டும், ஈரமும் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடம் மழைக்கால இந்திய லாயம்!

மருந்து எளிமையானது. கூட்டைச் செய்து முடித்தபின், இளகிவிடாத அளவுக்கு, 250 முதல் 300 டிகிரி போன்ற குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் பூட்டிய விசை தளர்ந்துவிடும். கடினம் போகாது, இறுக்கம் மட்டும் போகும்.

மறுபடி நிரப்பும் கூடுகளுக்கும் இதே பாடம்தான். ஒவ்வொரு முறை அச்சில் நெருக்கும்போதும் புதிதாக விசை பூட்டப்படுகிறது. காய்ச்சாமல் அடுக்கிவைத்தால் சில வருடங்களில் தானே கழுத்து பிளக்கும். அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுப் பித்தளைக் கூட்டைத் துலக்கக் கூடாது என்று எச்சரிப்பதும் இதனால்தான். நம் வீடுகளில் புளி போட்டு விளக்குத் தேய்ப்பது எவ்வளவோ மேல். புளியின் அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைக்கும், அம்மோனியா போல மணிகளுக்கு நடுவே புகுந்து பிளக்காது.

லாயத்திலிருந்து காசிமேடு வரை

இந்த இடத்தில் கதை வடசென்னைக்குத் திரும்புகிறது.

லாயங்கள் போய்விட்டன. அம்மோனியா போகவில்லை. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1966ல் உருவாகி, 1971ல் உற்பத்தியைத் தொடங்கியது. யூரியா செய்ய முதலில் அம்மோனியா வேண்டும். எண்ணூரில் கப்பலில் வரும் அம்மோனியா கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வந்து உரமாகிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நம் ஊர் ஐஸ் ஃபேக்டரிகள் பலவற்றில் குளிரூட்டும் வாயுவாக ஓடுவதும் அம்மோனியாதான். லாயத்தின் நெடியாக இருந்தது இன்று தொட்டி தொட்டியாக இருக்கிறது.

அம்மோனியா ஓடும் எந்தக் குழாயிலும், வால்விலும், மானியிலும் பித்தளையோ செம்போ இருக்கக் கூடாது. இது உலகம் முழுவதும் உள்ள விதி. ஏர் கண்டிஷனர் மெக்கானிக் செம்புக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவார். அதே மெக்கானிக் ஐஸ் ஃபேக்டரிக்குப் போனால் இரும்புக் குழாய்தான். சாதாரண அழுத்தமானியின் உள்ளே இருக்கும் வளைந்த குழாய் செம்புக் கலவையில் இருக்கும். அம்மோனியாவுக்கான மானியில் அது எஃகு. முகப்பிலேயே "அம்மோனியா" என்று எழுதியிருக்கும். அவசரத்துக்கு ஒரு சாதாரண மானியை மாட்டினால் என்ன ஆகும்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. பெட்டிக்குள் இருந்த தோட்டாவைப் போல, யாரும் தொடாத ஒரு நாளில் அது பிளக்கும்.

அம்மோனியா வெளியே வந்தால் என்னவாகும் என்பது எண்ணூர் மக்களுக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் குழாய் எஃகுக் குழாய். அதன் கசிவுக்கும் பித்தளைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. இந்த வாயுவோடு பக்கத்தில் வாழும் ஊருக்கு ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு வால்வும், ஒவ்வொரு மானியும் உயிர்ப் பிரச்சினை.

1914ல் எம்டன் வந்தபோது இருட்டில் ஓடிய அதே கடற்கரை. 109 வருடம் கழித்து மறுபடி இருட்டில் ஓட்டம். அன்று எதிரி கடலில் தெரிந்தான், விளக்குப் போட்டுக்கொண்டு வந்தான். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அவன் கதையை முடித்தும்விட்டது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு, கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு குண்டுச் சில்லு, தமிழில் ஒரு சொல். எம்டன் விட்டுச்சென்றது அவ்வளவுதான்.

ஆனால் குதிரை லாயத்தில் வெடித்த, பெயர் தெரியாத ஒரு தோட்டாக் கூட்டுக்கு எங்கும் கல்வெட்டு இல்லை. காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும்போது, அந்த ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் தொங்கும் எஃகு மானியின் முள் அசையாமல் நிற்கிறதே, அதுதான் அதற்குக் கல்வெட்டு.